யாருமே பாடாத பாட்டு

பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடையில் எனக்கு அன்று முதல் நாள் வேலை. தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்து கம்போங் ராஜாவுக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. முட்டைக்கோஸ் லோரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். வண்டி ஸ்பீக்கரில் டிரம்ஸும் சாக்சபோனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

கோலா தெர்லாவைத் தாண்டியும் யாரும் பாடவில்லை.

“பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுலா. இது ஜாஸ். நீளமா போகும்.”

கியா பார்ம் சந்தையருகே வாகன நெரிசல். அவர் இன்ஜினை அணைத்தார். எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாக எதையோ தேடியது. கிடைக்குமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

வண்டி கடை வாசலுக்கு வந்தபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“எறங்கலையாம்மா?” என்றார் லோரிக்காரர்.

“இது முடியட்டும்ணே.”

கடைசிவரை யாருமே பாடவில்லை. பாட்டுக்காகக் காத்திருந்ததை எந்த வளைவில் மறந்தேன் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.