கர்ட்டன்காரர் வீடு வாங்கினார்

வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியின் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் டேப்பை இழுத்துவிட்டார். சன்னலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு முறை, மேலிருந்து கீழே ஒரு முறை. பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நாம இன்னும் இந்த வீட்ட வாங்கவே இல்லங்க” என்று மனைவி காதோரம் நினைவூட்டினார். “அளவெடுக்க என்ன, காசா பணமா” என்றார் இவர், டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டபடி.

திரைச்சீலை தைத்து மாட்டுவது இவர் தொழில். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு தையல் எந்திரம், ஒரு நீள மேசை, சுவர் முழுக்கத் துணிச்சுருள்கள். பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. ஊருக்கு இவர் கர்ட்டன்காரர். ஏணியில் ஏறியதும் திருகாணிகளை உதட்டுக்கிடையில் இடுக்கிக்கொள்வார். அந்நேரம் யாராவது எதையாவது கேட்டால் ஆமாம், இல்லை, அப்புறம் பார்க்கலாம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘ம்’தான். எந்த ‘ம்’ என்பதைக் கேட்டவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பிடிக்காத பேச்சு கிளம்பினாலும் சட்டைப்பையைத் துழாவி ஒரு திருகாணியை வாயில் வைத்துக்கொள்கிறார் என்பது மனைவியின் நெடுநாள் புகார்.

கோணலான கம்பி கண்ணில் பட்டால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒருமுறை பல் டாக்டரிடம் போயிருந்தார். கன்னம் பூசணிபோல் வீங்கியிருந்தது. காத்திருக்கும் அறையில் திரைக்கம்பி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி நாற்காலியில் ஏறி அதை நேராக்கிவிட்டுத்தான் வலியைக் கவனித்தார். உள்ளே போனதும் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். “திறக்கிறேன், உங்க சன்னலுக்கு அந்தப் பச்ச வேணாம் டாக்டர், எல்லாருமே நோயாளி மாதிரி தெரியிறாங்க” என்றார். “வர்றவங்க நோயாளிங்கதான” என்றார் டாக்டர்.

ஊரில் பாதிப் பேரின் படுக்கையறை வரை போய்வந்தவர் இவர். எந்த வீட்டில் காலை வெயில் எதுவரை வரும் என்பது அந்த வீட்டுக்காரரைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். தான் குடியிருந்ததோ லிஃப்ட் வைத்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரு குறுகலான சந்தைப் பார்த்த வாடகை வீட்டில். வீட்டு உரிமையாளரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வருவதால் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட சொந்த வீட்டுப் பேச்சு அப்படித்தான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தவை இரண்டே வீடுகள். இரண்டிலும் குறை.

குடும்பத்தையும் சொல்லிவிட வேண்டும். மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. நாள் முழுதும் நான்கு வயதுக் குழந்தைகளோடு பேசிப் பேசி, பெரியவர்களிடமும் அதே குரல் வந்துவிடும். “சாப்டாச்சா? தட்ட எங்க வெக்கணும்?” என்று கணவரைக் கேட்பார்; இவரும் எழுந்து போய் வைத்துவிட்டு வருவார். இரண்டு மகள்கள், மூத்தவள் கல்லூரியில், இளையவள் பள்ளியில். அப்புறம் இவருடைய அக்கா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். இன்றைக்கும் யார் பேச்சை ஆரம்பித்தாலும் “சொல்லு, லைன்ல இருக்கேன்” என்பார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதால் படியைக் கண்டாலே நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் ஏறுவார். அவருக்கும் தம்பி மனைவிக்கும் தினசரி ஒரு சண்டையாவது உண்டு. கரண்டியைக் கழுவி எங்கே வைப்பது என்பதிலிருந்து தொடங்கும்.

முதலில் பார்த்தது, டேப்பை இழுத்த அந்த மாடி வீடு. ஒல்லியாக, மூன்று அடுக்காக, இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. சமையலறையில் அலமாரிக் கதவைத் திறந்தால் ஆள் வெளியே போக வேண்டும். படிகளோ ஏணிக்கு அக்கா தங்கை. ஆனால் அடுக்குக்கு அடுக்கு சன்னல். உச்சி அறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. அங்கே போய் நின்றவர் கீழே இறங்க மறந்துவிட்டார். வெளிச்சம் தரையில் விழுந்து, சுவரில் ஏறி, கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. இளையவள் மேலே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அக்கா கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். “நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான். போய்ட்டு வாங்க” என்று முன்பே சொல்லியிருந்தார்.

இரண்டாவது வீடு ஒரே தளம். வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரு படிகூடக் கிடையாது. சமையலறையில் நான்கு பேர் நின்று சண்டை போடலாம், அவ்வளவு இடம். ஆனால் இருட்டு. கூடத்துச் சன்னலைத் திறந்தால் ஓர் ஆள் நடக்கும் சந்து, அதைத் தாண்டி பக்கத்து வீட்டின் உயர்ந்த சுவர். பல வருஷப் பாசியும் புகையும் அப்பிக் கரேலென்று நின்றது. நடுப்பகலில் விளக்கைப் போட்டுத்தான் வீட்டைக் காட்டினார்கள். “எங்க இருக்கீங்க?” என்று மனைவி குரல் கொடுத்தார். “உன் பக்கத்துலதான்” என்றார் இவர். இளையவள் அன்றே அதற்குக் குகை என்று பெயர் வைத்துவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது பேச்சு வந்தது. மகள்கள் மாடி வீட்டுப் பக்கம். மனைவி எந்தப் பக்கமும் சேரவில்லை. குகையின் சமையலறை மனதில் இருந்தது, கணவரின் முகமும் கண்முன் இருந்தது. அக்காதான் ஓங்கிச் சொன்னார். “இதுல யோசிக்க என்ன இருக்கு? மாடி வீடுதான். படி ஏறி எறங்கறது காலுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“எந்த டாக்டர்?” என்றாள் மூத்தவள்.

“நீ சாப்பிடு.”

இவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. அக்காவே சொல்லிவிட்டாள் என்று மனதை ஏமாற்றிக்கொள்ளவும் ஒரு வழி கிடைத்தது. இரண்டு நாள் கழித்து ஒரு புதுக் குடியிருப்பில் ஏணிமேல் நின்று கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். இவர்களுக்கு வீடு காட்டிய தரகர் வேறு யாரையோ அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், இவரைப் பார்த்ததும் நின்றார். “அக்காவுக்குப் பாத்த ஒத்த ரூமுக்கும் கர்ட்டன் நீங்கதான போடுவீங்க? தரைத்தளம், தனி வாசல். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நாளைக்கு முடிவு சொல்றேன்னுருக்காங்க” என்றார்.

வாயில் திருகாணி. இவரிடமிருந்து ‘ம்’ மட்டும்தான் வந்தது. அது எந்த ‘ம்’ என்று இவருக்கே தெரியவில்லை. தரகர் போன பிறகு ஏணியிலிருந்து இறங்கி, விரித்திருந்த துணிமேல் உட்கார்ந்தார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் இவருக்கு முதல் தையல் எந்திரம் வாங்கிக்கொடுத்தவர் அக்கா. அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது ஒரு வார்த்தை சொல்லாமல், தனக்குத் தனியாக அறை பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு நேரே அக்காவின் அறைக்குப் போனார். இவரும் பின்னால் போய்க் கதவோரம் நின்றார்.

“அண்ணி.”

“சொல்லு, லைன்ல இருக்கேன்.”

“தனியா ரூம் பாத்தீங்களாமே.”

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தார். “அந்தத் தரகன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்” என்றார். பிறகு, “அந்த மாடி வீட்டுலருந்து அவன் எறங்கி வந்தான் பாரு, அப்ப மூஞ்சியப் பாத்தேன். உன்ன முதல்ல பாத்துட்டு வந்தப்பகூட அந்தக் களை இல்ல.”

“அது எனக்கே தெரியும்” என்றார் மனைவி. “அதுக்கு நீங்க வீட்ட விட்டுப் போவீங்களா?”

“நாலு தெரு தள்ளிதான். தெனம் வருவேன்.”

“தெனம் வந்தா விருந்தாளி. விருந்தாளியக் கொற சொல்ல முடியாது. நான் அப்புறம் யாரக் கொற சொல்றது? இவரச் சொன்னா வாயில ஸ்க்ரூவ வெச்சுக்குறாரு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். இவர் கதவோரத்திலிருந்தே, “அந்த ரூம் வேணாம்னு சொல்லிடுக்கா. குகையவே வாங்கிடலாம்” என்றார்.

“ஒனக்கு மூச்சு முட்டுமேடா.”

“பழகிடும்.”

“பொய் சொல்லாத.”

“சரி, பழகாது. பாத்துக்கலாம்.”

மாடி வீட்டுக்காரரிடம் முடியாது என்று சொல்ல இவரே போனார். போனில் சொல்லியிருக்கலாம். போனவர், “ஒருதடவ மேல போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டு ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிவந்து, “யாரு வாங்கினாலும் சரி, அந்த மேல் ரூமுக்குக் கனமான துணி எதையும் போட்றாதீங்கன்னு சொல்லுங்க. மெல்லிசா, வெள்ளையா ஒண்ணு போதும்” என்றார். வீட்டுக்காரர் விழித்தார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

குகைக்குக் குடிபோன பிறகு மனைவிக்குச் சமையலறை அமைந்தது. மகள்களுக்கு ஆளுக்கொரு மூலை கிடைத்தது. அக்கா வாசலிலிருந்து பின்கட்டுக்கும் பின்கட்டிலிருந்து வாசலுக்கும் பெருமூச்சே இல்லாமல் நடந்தார். கரண்டி விவகாரத்துக்கு இப்போது இரண்டு மேடை கிடைத்ததால் சண்டையும் செழித்தது. இவர் மட்டும் காலையில் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் நின்று குடித்தார். யாரிடமும் எரிந்து விழவில்லை. ஆனால் கடையிலிருந்து வரும் நேரம் மெல்ல மெல்லத் தள்ளிப்போனது. மனைவி அதைக் கவனித்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில், உருண்டு விழுந்த பொத்தானைத் தேடிச் சன்னலருகே குனிந்த இவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். தன் வீட்டுக் கூரையைத் தாண்டி வந்த வெயில் எதிர்ச்சுவரின் மேல்பாதியில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த வெயில் முழுவதையும் அந்தக் கரும்பாசி விழுங்கிக்கொண்டிருந்தது. இவர் பொத்தானை விட்டுவிட்டு, வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

பக்கத்து வீட்டம்மா தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

“உங்க சந்துப் பக்கச் சுவத்துக்கு நான் வெள்ளையடிச்சுக்கலாமா?” என்றார் இவர்.

“என் சுவத்துக்கு நீங்க எதுக்கு அடிக்கணும்?”

“சுவரு உங்களுது. தெனம் பாக்குறது நாங்க.”

அந்தம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்புறம் சுவரே உங்களுதுன்னு வந்து நிக்க மாட்டீங்களே?”

“மாட்டேன். வேணும்னா உங்க பேரப் பெருசா அதுலயே எழுதிடறேன்.”

“அதெல்லாம் வேணாம். அடிங்க. என் செடிமேல சொட்டாமப் பாத்துக்கங்க.”

பாசியைச் சுரண்டவே ஒரு நாள் பிடித்தது. மகள்கள் இருவரும் தலையில் துணி கட்டிக்கொண்டு கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டார்கள். இவர் ஏணியில் நின்று மேல்பாதியை அடித்தார். மனைவி சன்னல் வழியே, “விட்டுப்போன எடம் எங்க இருக்கு, காட்டுங்க பாக்கலாம்” என்று பள்ளிக்கூடக் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். “இந்த வயசுல அடுத்தவங்க சுவத்துக்கு அழகு பண்றான்” என்று அக்கா முணுமுணுத்தார்.

மறுநாள் காலை கூடம் பழைய கூடமாகவே இல்லை. எதிர்ச்சுவரில் பட்ட வெயில் திரும்பி, சன்னல் வழியாக உள்ளே வந்து தரையெல்லாம் பரவிக் கிடந்தது. மேசைக்கால், செருப்பு வரிசை, இளையவளின் புத்தகப்பை எல்லாவற்றுக்கும் நிழல் முளைத்திருந்தது. விளக்கைப் போடக் கை நீட்டிய மனைவி சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இவர் நடுக்கூடத்தில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா செய்தித்தாளோடு வந்து சன்னலுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை விரித்தார். கண்ணைச் சுருக்கினார். “நல்லா அடிச்ச போ. கண்ணு கூசுது” என்றார்.

“நாற்காலியத் தள்ளிப் போடவாக்கா?”

“வேணாம். இங்கதான் நல்லாருக்கு.”

இவர் மெல்ல நடந்து போய், சன்னலுக்கும் அக்காவுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றார். இவர் நிழல் சரியாகச் செய்தித்தாள்மேல் விழுகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து, அரையடி இடப்பக்கம் நகர்ந்துகொண்டார். அக்கா பக்கத்தைப் புரட்டினார். கடைக்கு நேரமாகிறது என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “ம்” என்றவர், அக்கா கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கும் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.