கடலைக் கொன்ற வாயு

அப்பா இறந்தபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய சக தொழிலாளி ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க அப்பா இறங்கினார். இருவருமே ஏறி வரவில்லை. "கேஸ் அடிச்சிடுச்சு" என்று வாசலில் வந்து சொன்னார்கள். எந்த கேஸ் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கல்லூரியில் வேதியியல் எடுத்தேன் என்றால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு அந்தப் பாடத்தில்தான் இடம் கிடைத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலூரில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். இமயமலையிலிருந்து வந்த கறுப்புப் பாறைத் துண்டுகளைக் கொடுத்தார்கள். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அவை கடலடிச் சேறு. அந்தக் காலத்தில்தான் கடல் உயிர்களில் பெரும்பாலானவை அழிந்தன. ஏன் என்பதற்கான தடயம் சேற்றில் தங்கிய கந்தகத்தில் இருந்தது. பாறையைப் பொடித்து, அமிலமும் குரோமிய உப்பும் சேர்த்துக் காய்ச்சினால் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவாக வெளியேறும். அதை வெள்ளிக் கரைசலில் பிடித்தால் கறுப்பாகப் படியும்.

முதல் நாள் குழாய் சரியாகப் பொருந்தவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அப்பாவின் சட்டையில் தினமும் இருந்த அதே வாடை. அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். உடன் இருந்தவர்கள் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது, வெங்காயம் உரித்தபடி அம்மா கேட்டாள்.

"இன்னாதான் பண்ற அங்க? கேக்கறவங்களுக்கு பதில் சொல்லத் தெரியல."

"ரொம்ப காலத்துக்கு முன்னாடி கடல்ல இருந்ததெல்லாம் செத்துப்போச்சும்மா. எதனாலன்னு பாக்கறோம்."

"எதனால?"

"தண்ணில கேஸ் நெறஞ்சிருக்கு. அதுவும் ஒரு காரணம்."

அம்மாவின் கை நின்றது. "அப்பாவுக்கு அடிச்சதா?"

"அதேதாம்மா."

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "மூச்சைப் புடிச்சினு ஏறி வந்திருக்கலாமேன்னு இத்தினி வருஷமா அவர் மேல கோவமா இருந்தேன்" என்றாள். "அவ்ளோ பெரிய கடலையே கொன்னுதுன்னா, அவரு இன்னா பண்ணுவாரு."

அவளுக்கு அப்படி ஒரு கோபம் இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாகத்தான் அவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சில ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வன்று அம்மா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என் ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. கேள்விகள் முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கிவிட்டு மதிய உணவுக்குக் கலைந்தார்கள். நாங்கள் இருவரும் ஒன்றாக அப்பாவை நினைத்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.