காப்புக் கட்டிய குதிரைவீரன்

துபாயிலிருந்து விடுப்பில் வந்த என் கணவர், வழக்கமான சென்ட் பாட்டில்களோடு இருபது முகப் பகடை ஒன்றும் டிராகன் படம் போட்ட தடித்த விதிப் புத்தகமும் கொண்டுவந்தார். அது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதைக்குள் நடக்க வேண்டும். அவர் குதிரைவீரன், நாத்தனார் மந்திரக்காரி. எனக்கு வாய் நீளம் என்று கதை சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

புத்தகத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. ஆலங்குடி வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் விதிகள் தானாக முளைத்தன. பூதங்களுக்குப் பதில் அவித்த கடலை, கொன்றவர் தின்னலாம். பீரோவுக்கு அடியில் ஓடிய பகடை செல்லாது. கரண்ட் போனால் டிராகனும் தூங்கும். மின்விசிறி நின்றுபோன அரையிருட்டில், தென்னை மட்டைகள் உரசும் சத்தத்தில், திருமயம் கோட்டை போல ஒரு பாறைக் கோட்டையை மெல்ல எழுப்புவேன். உச்சியில் டிராகன் மூச்சுவிடும். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அங்கேதான் இருப்போம்.

விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. கிளம்புவதற்குள் டிராகனைக் கொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். எனக்கு அவர் கிளம்புவதே பிடிக்கவில்லை. அதை அழுது சொல்லவும் எனக்கு வராது. ஒரு மதியம், குதிரைவீரன் கோட்டைக்குப் புறப்படும் நேரம் பார்த்து, கதைக்குள் கொட்டுச் சத்தம் கேட்க வைத்தேன்.

"ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டிட்டாங்க," என்றேன்.

காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் அதை மீற மாட்டார்கள்.

"பொஸ்தகத்துல அப்புடி ஒண்ணும் இல்லையே," என்றார் அவர்.

"அண்ணி சொன்னாச் சொன்னதுதாண்ணே. இனிமே நீங்க அங்கிட்டுப் போக முடியாது," என்ற நாத்தனார், சாமி அலமாரியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்துவந்து, அவருடைய குதிரைவீரனாக வைத்திருந்த சதுரங்கக் குதிரையின் கழுத்தில் கட்டிவிட்டாள்.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடலையைக்கூடத் தொடவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்து வந்த மதியங்களில் எல்லாம் கதையில் திருவிழாதான். பால்குடம், ராட்டினம், தூரத்தில் லேசாக டிராகனின் புகை. போகப் போக அவரும் ராட்டினத்தில் ஏறிக்கொண்டார்.

திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்ற காலையில் எனக்கே மனசு கேட்கவில்லை. பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தவரிடம் குதிரையை நீட்டினேன்.

"காப்ப அவுத்துடுறேங்க. ஒரு உருட்டு உருட்டி டிராகனை முடிச்சிட்டுப் போங்க."

வாங்கிப் பார்த்தார். நூல் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"வேணாம். அவனாச்சும் ஊர்ல இருக்கட்டும்."

குதிரை இப்போது பிரிட்ஜ் மேல் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போன் செய்பவர், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "திருவிழா முடிஞ்சிருச்சா?" என்கிறார்.

"இல்லைங்க. இன்னைக்குத்தான் தேரு," என்கிறேன்.

போன வாரமும் தேர் என்றுதான் சொன்னேன்.