பஞ்சாலை வளர்த்த குட்டச்சி

புல்லுவெட்டுக்காரி பஞ்சாலைக்கு வேண்டியிருந்தவை தொட்டிகள்தாம். செடிகளை அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

1942ஆம் ஆண்டு பிறந்த கையோடு, ஜப்பான்காரன் வடக்கேயிருந்து இறங்கி வருகிறான் என்று கேள்விப்பட்டு, மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, தன் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். அன்று மத்தியானமே பங்களா காலி. நாற்காலிகள் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான ஒரு லயத்துக்குப் போயின, கட்டில் இன்னொரு லயத்துக்குப் போனது, ஜன்னல் திரைகள் பாவாடைத் துணியாகிப் போயின. பஞ்சாலை போய்ச் சேர்ந்தபோது சுவர்கள்தாம் மிச்சம். பின்வாசலில் மட்டும், யாருக்கும் வேண்டாத செடிகளோடு, தடித்த மண்தொட்டிகள் சில நின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓட்டை. இருந்தால் என்ன? ரப்பர் பாலை ஊற்றிக் காயவிட்டால் அடைபட்டுப்போகும். அரிசி போட்டு வைக்கலாம்.

ஒவ்வொன்றாகச் சுமந்தாள். செடிகளை வழியிலேயே கவிழ்த்தாள். சிலவற்றைப் பைப்படியில் கொட்டினாள், சிலவற்றைச் சாக்கடை ஓரத்தில். கடைசி நடையில் தோள்வலி பொறுக்காமல், ரப்பர் தாள்களைப் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சாம்பல் மேட்டில் மிச்சத்தைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. செடிகளைக் கொல்வதுதான் அவள் பிழைப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புல்லுவெட்டுக் கூட்டத்தில் வேலை. புருஷன் மலேரியாவில் போன பிறகும் அதே வேலை. நெட்டையான உடம்பு, அகலமான கை. வாயைத் திறந்தால் அடுத்த லயத்தில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். பிள்ளைகுட்டி இல்லை. அவளுக்கு வாய்த்த உறவு என்று சொன்னால் பக்கத்து வீட்டு மங்கம்மாதான். அதுவும் சண்டை உறவு. காலையில் பைப்படியில் யார் குடம் முன்னால் என்று தொடங்கி, இருவரின் ஏழு தலைமுறையும் நாறிய பிறகுதான் இரண்டு குடமும் நிறையும். அதைக் கேட்டுக்கொண்டே மற்றப் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லாமல் போயிற்று. மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். அரிசி கண்ணில் படுவதே அரிதானது. மறு வருஷம் லாரி வந்தது. சயாமில் ரயில் ரோடு போடுவதற்கென்று ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மங்கம்மாவின் புருஷன் ராமசாமியும் அதில் ஏறினான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, பைப்படியில் பஞ்சாலை வழக்கம்போல மங்கம்மாவின் குடத்தைக் காலால் நகர்த்தினாள். பதில் வரவில்லை. நாலு வார்த்தை கூடுதலாகவே சொல்லிப் பார்த்தாள். மங்கம்மா தலையைக் குனிந்துகொண்டு காத்து நின்றாள்.

"பாவம், புருஷன் போன துக்கம்," என்றார்கள் மற்றப் பெண்கள்.

பஞ்சாலை நம்பவில்லை. துக்கம் மங்கம்மாவின் வாயை இன்னும் அகலமாகத் திறக்குமே ஒழிய மூடாது. அன்று சாயங்காலம் மங்கம்மா வீட்டுக்குள் நேராக நுழைந்தாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது அதுவே முதல் தடவை.

"வாயைத் தெற."

மங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெறடீங்கறேன்!"

திறந்தாள். உதட்டோரம் வெடித்திருந்தது. நாக்கு பச்சைப்புண்ணாகச் சிவந்து கிடந்தது. ஈறு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண். அடுப்பில் வெந்த மரவள்ளி தொடாமல் ஆறிக் கிடந்தது. சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது மருந்தும் இல்லை, மருந்து கொடுக்க ஆளும் இல்லை. பஞ்சாலை வெளியே வந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டாள். பங்களாவில் சமையல் செய்த அமலதாஸ், இப்போது மரவள்ளிக் கொல்லையில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தவர், யோசித்துச் சொன்னார்.

"தொரசாணிக்குத் தொண்டை கட்டுனாலும் வாயில புண்ணு வந்தாலும் ஒரு தழைய அவிச்சுக் கொப்பளிக்கும். சேஜுன்னு சொல்லும். அதுலயும் இது வேற சாதியாம், எங்கேயோ மலையிலேருந்து வந்ததாம். எலைக்கு அடியில ஊதா நெறமா இருக்கும். நம்ம ஆளுங்க தொரசாணித் துளசின்னுவாங்க. ஆனா அது இப்ப எங்க இருக்கு? தொட்டிய எவளோ தூக்கிட்டுப் போயிட்டாளே."

பஞ்சாலை திரும்பி நடந்தாள்.

பைப்படியில் கொட்டியது எப்போதோ அழுகி மண்ணாகியிருந்தது. சாக்கடை ஓரத்தில் அடையாளமே இல்லை. சாம்பல் மேட்டுக்குப் போனாள். சாம்பலும் உடைந்த செங்கல்லும் கலந்த அந்த மேட்டில், லாலான் புல்லுக்கு நடுவே, சாம்பல் பூத்த நிறத்தில் ஒரு புதர் நின்றது. இலையைத் திருப்பினாள். ஊதா. தண்டைத் தடவினாள், நாலு பட்டையாக இருந்தது. கசக்கி முகர்ந்தபோது கற்பூரமும் பச்சை மிளகும் சேர்ந்தாற்போல ஒரு வாடை மூக்கில் ஏறியது. கவனிப்பார் இல்லாமல், தண்ணீர் ஊற்றுவார் இல்லாமல், அது பாட்டுக்கு உயிரோடு இருந்தது. "மன்னிச்சுக்க தாயி," என்று சொல்லிவிட்டுத்தான் ஒரு கைப்பிடி இலை கிள்ளினாள்.

அவித்த தண்ணீரை மங்கம்மா முதல் வாயிலேயே துப்பினாள். அப்படிக் கசப்பு. பஞ்சாலை அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊற்றினாள். மாய மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. காலையும் மாலையும் கொப்பளித்ததில் எரிச்சல் மெல்லத் தணிந்தது, கஞ்சி இறங்கியது, ஈறு ஆறத் தொடங்கியது. ஒருநாள் காலை பைப்படியில் பஞ்சாலையின் குடம் சாக்கடையில் உருண்டது. "யாரு குடத்த முன்னால வச்சவ?" என்று மங்கம்மாவின் குரல் லயம் முழுக்கக் கேட்டது. குடத்தை எடுக்கக் குனிந்த பஞ்சாலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சேதி பரவியது. வாய்ப்புண் இல்லாத வீடு அப்போது எது? ஆளாளுக்குச் சாம்பல் மேட்டுக்கு வந்து கொத்துக் கொத்தாகப் பிடுங்கினார்கள். ஒரு சாயங்காலம் வெறும் குச்சிகளாக நின்ற புதரைப் பார்த்தாள் பஞ்சாலை. மறுநாள் முள்ளுவேலி போட்டாள்.

"கேட்டா நான் கிள்ளித் தாரேன். கையை வச்சீங்க, கையிருக்காது!"

இத்தனை காலம் வேரோடு பிடுங்கிப் பழகிய கைக்கு வளர்க்கத் தெரியவில்லை. கிளைகளை ஒடித்து லயத்துக்குப் பின்னால் நல்ல கறுப்பு மண்ணில் நட்டாள், மாட்டெரு போட்டாள், வேளாவேளைக்குத் தண்ணீர் விட்டாள். தளதளவென்று வந்தன. பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். ஐப்பசி மழை பிடித்தது. தண்ணீர் தேங்கி, அத்தனையும் கழுத்தோடு கறுத்துச் சாய்ந்தன. மேட்டில் நின்ற பழைய புதரும் பாதி அழுகிவிட்டது.

அழுகிய செடிகளைப் பிடுங்கி வேரைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. புல்லுவெட்டுக்காரிக்கு வேர் பொய் சொல்லாது. நல்ல மண்ணில் இருந்தது நூல்போல வேர் விட்டிருந்தது. சாம்பலில் இருந்தது கயிறுபோல. 'செல்லம் கொடுத்துல்ல கொன்னுட்டேன்,' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மழை ஓய்ந்தபின், பழைய புதர் பூத்து உதிர்த்த விதைகளிலிருந்து மேடெங்கும் சிறு கன்றுகள் எழுந்தன. இந்த முறை அவள் ஒன்றுக்கும் தண்ணீர் ஊற்றவில்லை. சாகிறது சாகட்டும் என்று விட்டாள். தினமும் போய் உட்கார்ந்து பார்ப்பாள், கை நமநமக்கும், தொடமாட்டாள். நெடுநெடுவென்று அழகாக வளர்ந்தவை வெயிலில் ஒரு தடவை வாடின, சித்திரை மழையில் ஒரேயடியாகச் சாய்ந்தன. ஒரு கன்று மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்தது. குட்டை. இலை சின்னது, தடித்தது, தேரைத் தோல்போலச் சொரசொரப்பு. மழைத் தண்ணீர் அதன்மேலேயே ஓடியது; வடிந்ததும் தலையைத் தூக்கியது. வாயில் போட்டுப் பார்த்தாள். பழையதைவிடக் கசப்பு.

"அடி குட்டச்சி," என்றாள் பஞ்சாலை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

குட்டச்சியை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. இலை கேட்டவர்களுக்குப் பழைய புதரிலிருந்துதான் கிள்ளினாள். மங்கம்மா ஒரு கிளை கேட்டபோதுகூட, "இன்னும் வளரட்டும் போடி," என்று துரத்திவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கூலிகளை மேய்க்கும் கங்காணியான மாயாண்டி மண்டோர் வந்து நின்றான். கெட்டவன் இல்லை, பயந்தவன். ஜப்பான் அதிகாரியிடம் அறை வாங்கி வாங்கி ஒரு காது மந்தமாகியிருந்தது.

"பஞ்சாலை, இந்தச் சாம்பலையெல்லாம் கெழங்குக் கொல்லைக்கு அள்ளணுமாம். தின்னுற பயிரத் தவிர வேற எந்தச் செடியும் இருக்கப்படாதாம். நாளைக்கு ஜப்பான் தொர பாக்க வாரான். பிடுங்கிப் போட்டுடுலா, என்னைய அடி வாங்க வைக்காத."

"பிடுங்கிடறேன் மண்டோரய்யா," என்றாள் அவள்.

பிடுங்கத்தான் செய்தாள். பழைய புதரை வேரோடு பெயர்த்துக் கிளை கிளையாகப் பிரித்து, பால்டின்னிலும் சிரட்டையிலும் சாம்பல் நிரப்பி வைத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். "இறவாணத்துல தொங்க விடு. தண்ணி ஊத்துனே, தொலைச்சுப்புடுவேன்," என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். குட்டச்சிக்கு மட்டும் தன் வீட்டில் இருந்த பங்களாத் தொட்டி ஒன்றைக் காலி செய்தாள். அடியில் அடைத்திருந்த ரப்பரைக் கம்பியால் குத்தி எடுத்து, செடியை வைத்து, வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் அந்த அதிகாரி லயத்து வழியாக நடந்து வந்தான். இறவாணமெல்லாம் ஆடும் டின்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன், பெரிய தொட்டி நின்ற பஞ்சாலை வீட்டு வாசலில் நின்றான். பூட்ஸ் காலால் தொட்டியைத் தட்டினான். இது என்ன?

பின்னால் வந்த மாயாண்டி பஞ்சாலையைப் பார்த்தான்.

"மாக்கான், துவான்," என்றாள் பஞ்சாலை மலாய் மொழியில். தின்கிறதுதான் ஐயா. இரண்டு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கியும் காட்டினாள்.

அவன் ஓர் இலையைக் கடித்தான். உடனே துப்பினான். முகம் இறுகியது. தொட்டியைச் சுட்டிக் காட்டினான்.

"மாக்கான். செமுவா."

முழுவதும் தின்னச் சொல்கிறான் என்று லயத்துக்கே புரிந்தது. அத்தனை டின்களும் தலைக்குமேல் ஆடிக்கொண்டிருந்தன. பஞ்சாலை அவற்றை ஒருமுறை பார்த்தாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கிளை கிளையாக ஒடித்துத் தின்னத் தொடங்கினாள். இலை தீர்ந்தது, இளந்தண்டு தீர்ந்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஒரு வாய்கூட வெளியே வரவிடவில்லை. கடைசிக் குச்சியையும் கடித்து மென்றுவிட்டு, சோறு தின்று எழுந்தவள்போலப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி சிரித்தான். தொட்டியை ஓர் உதை விட்டான், அது உடைந்தது. வேரைப் பூட்ஸ் காலால் தேய்த்துவிட்டு நடந்தான். டின்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லயம் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். டின்களில் இருப்பதெல்லாம் மழைக்குத் தாங்காத பழைய சாதி. அடுத்த ஐப்பசிக்கு ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சக்கூடிய ஒன்றே ஒன்றைத் தன் பல்லாலேயே தின்று தீர்த்தாயிற்று. புருஷன் செத்தபோதுகூட ஊர் கேட்க அழாதவள், அன்று சத்தம் போட்டு அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மங்கம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பால்டின்னை எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளே தேரைத் தோல்போல நாலைந்து இலைகள்.

"போன மாசமே ஒடிச்சுட்டேன். நீ குடுக்க மாட்டேன்னுட்டியே. திட்டுறதுன்னா திட்டிக்க."

பஞ்சாலை டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே சாம்பலும் செங்கல் பொடியும் அளவாகக் கலந்திருந்தன.

"திருட்டு முண்ட," என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. "நல்லாத்தான் வச்சிருக்க. ஒக்காரு."

ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தது தன் தப்பு என்று அன்றே அவளுக்கு விளங்கிவிட்டது. வேர் பிடித்த ஒவ்வொரு கிளையும் வேறு வேறு வாசலுக்குப் போனது. கொல்லையில் சில, கோயில் வேலியில் சில, அமலதாஸ் வீட்டுச் சிலுவைக்குக் கீழே ஒன்று. ஆண்டுக் கடைசி மழையில் சாக்கடை பொங்கி லயத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பழைய சாதி எல்லார் வீட்டிலும் போயிற்று. குட்டச்சிகள் சேற்றைப் பூசிக்கொண்டு நின்றன. மறு வருஷம் அவற்றின் விதையில் முளைத்தவற்றிலும் பலமானதை மட்டும் வைத்து, பலவீனமானதைத் தன் பழைய புல்லுவெட்டுக் கையாலேயே பிடுங்கி எறிந்தாள். அந்த வேலையில் அவளுக்கு இணை யாருமில்லை.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனான். சயாம் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ராமசாமி திரும்பவில்லை. கொஞ்ச காலம் லுக்குட் ஊருக்குப் போகிற ரோட்டில் வருகிற லாரியையெல்லாம் மங்கம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பஞ்சாலையும் கூடவே போவாள். பிறகு ஒருநாள் மங்கம்மாவின் பாயையும் சட்டிபானைகளையும் பஞ்சாலையே தன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். கேட்கவில்லை, தூக்கி வந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து வந்துவிட்டது. அப்படியும் குட்டச்சியைத் தேடி அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பஞ்சாலை சும்மாதான் கொடுத்தாள். ஆனால், மழைக்காலம் கழிந்ததும் வந்து செடியின் சங்கதி சொல்ல வேண்டும் என்று கண்டிப்பு. "செத்துப்போச்சுக்கா," என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றவர்கள் பலர். "தண்ணி ஊத்துனியா? எத்தன தடவ சொன்னேன்!" என்று அவள் போடுகிற சத்தம் புகைக் கொட்டகை வரை கேட்கும். சத்தம் ஓய்ந்ததும் உள்ளே போய் இன்னொரு டின்னை எடுத்து வந்து கொடுப்பாள்.