முதல் கடி அம்மாவுக்கு

யாராவது காரணமில்லாமல் என்னிடம் அன்பாக நடந்துகொண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இது பிறவிக் குணமா, ஒன்பது வயதில் மைசூரில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தினால் ஒட்டிக்கொண்ட குணமா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூத்து பள்ளி திறந்த சில நாட்களில் தொடங்கியது. ரயில்வே பணிமனையிலிருந்து திரும்பிய அப்பா, சைக்கிளை நிறுத்திவிட்டு, கைப்பிடியில் தொங்கிய காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். உள்ளே தில்பசந்த். மைதா அப்பத்துக்குள் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சிவப்பும் பச்சையுமான பழத்துண்டுகளும் வைத்துச் சுட்டு, முக்கோணமாக வெட்டித் தருவார்களே, அது. பேக்கரிப் பண்டம் உடம்புக்கு ஆகாது என்று ஒரு வருடமாக என்னை அழவிட்டவர் இதே அப்பாதான். அன்று அவராகவே வாங்கிவந்து, நான் தின்பதை நின்று பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் பரோட்டா வந்தது. அதற்கு மறுநாள், பெங்களூர் வண்டியில் வந்த யாரிடமோ சொல்லிவைத்து ரவையும் மைதாவும் பிசைந்து சுட்ட மத்தூர் வடை வந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

மூன்றாம் நாள் அத்தை ஒரு நோட்டுத் தாளைக் கொடுத்து, எனக்குப் பிடித்ததையெல்லாம் எழுதச் சொன்னார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கணக்கு டீச்சர், எங்களோடுதான் இருந்தார், பேச்சில் கன்னடம் கலந்துவரும். வீட்டில் உப்பு வாங்குவதிலிருந்து ஓட்டுப் போடுவது வரை அவர் சொன்னபடிதான் நடக்கும். நான் சந்தேகத்தோடு எழுதினேன்: பூரி சாகு, ரவை இட்லி, கேசரி, போளி, கல்யாண வீடுகளில் பாலூற்றித் தரும் சிரோட்டி, சேமியா பாயசம், மைசூர்பாகு. அத்தை சிவப்புப் பேனாவால் மைசூர்பாகை மட்டும் அடித்தார்.

"இது கடலை மாவு. இதுக்கு இப்போ ஏனும் அவசரம் இல்ல," என்றார்.

அப்படியானால் மற்றதற்கெல்லாம் என்ன அவசரம்? 

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் மறைத்த விஷயம் இதுதான். நான் அப்போது குச்சிக்கு உடுத்தியதுபோல இருப்பேன். வயிறு மட்டும் உப்பியிருக்கும். தின்றது தங்காது. இரண்டு வருடத்துக்கு முன் தைத்த கவுன் அப்படியே பொருந்தியது. பல டாக்டர்களின் பூச்சி மருந்துகளைக் குடித்து ஓய்ந்தபின், வடக்கே படித்துவிட்டு வந்திருந்த ஒரு டாக்டர், இந்தப் பெண்ணுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலைக் கிள்ளிப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பெங்களூரில் மூன்று வாரம் கழித்துத் தேதி கிடைத்தது. அதுவரை கோதுமையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் சோதனையில் சரியாகத் தெரியாது. உறுதியாகிவிட்டால், அன்றிலிருந்து ஆயுளுக்கும் கோதுமை, ரவை, மைதா, சேமியா எதுவும் கூடாது. அப்பாவுக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நின்றது: இந்த மூன்று வாரத்துக்குப் பிறகு பெண் எதையும் ருசி பார்க்கப் போவதில்லை. குழந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் பயந்துவிடும் என்று முடிவெடுத்தவர் அத்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை மூவரும் தொடங்கினார்கள்.

எனக்கோ வேறு கணக்கு ஓடியது. அம்மாவின் ஊர் ராமாபுரம் என்ற கிராமம். அங்கே மாரியம்மன் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை நான் பார்த்திருக்கிறேன். கடைசி வாரத்தில் அதை யாரும் அதட்டமாட்டார்கள். வரப்பில் மேய்ந்தால்கூடப் பேசாமல் விட்டுவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அகத்திக்கீரை நீட்டுவார்கள், நீட்டிவிட்டு முதுகைத் தடவுவார்கள். அப்பா என் முதுகைத் தடவ ஆரம்பித்திருந்தார்.

ஆக, நான் சாகப்போகிறேன். அல்லது பண்டத்தில் எதையோ கலந்து என்னைச் சாகடிக்கப் போகிறார்கள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் நம்பினேன். காரணம் அம்மா. வாங்கிவந்த எதையும் அவள் தொடவில்லை. அப்பா ஒரு விள்ளல் எடுத்தார், அத்தை ஒன்றுக்கு இரண்டாக எடுத்தார். அம்மா மட்டும் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீ தின்னு கண்ணு. எனக்கு வேண்டாஞ்சாமி."

தில்பசந்தை வேண்டாம் என்று சொல்லும் மனிதப் பிறவி உண்டா? நான் தட்டைத் திருப்பித் தள்ளினேன். நீ முதலில் கடி, அப்புறம்தான் நான் தின்பேன் என்றேன். அம்மா கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கம் என் சந்தேகத்துக்கு நெய் வார்த்தது. பிறகு ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கிள்ளல் போதாது, பாதி தின்ன வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். விஷம் ஓரத்தில் இல்லாமல் நடுவில் இருந்தால்? டாக்டர் சொன்ன பண்டம் என் வயிற்றுக்குள் போயாக வேண்டும் என்பதால் அம்மாவுக்கு வேறு வழியில்லை. பாதி தின்றாள். நான் கால்மணி நேரம் அவள் முகத்தையே பார்த்திருந்து, அவள் சாகவில்லை என்று தெரிந்தபின் மீதியைத் தின்றேன்.

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமாயிற்று. முதல் கடி அம்மாவுக்கு. பூரி வந்தால் முதல் பூரி, போளி வந்தால் முதல் போளி. சிரோட்டிக்கு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு மட்டும் விட்டுவிடு என்றாள். நான் விடவில்லை. நடப்பதையெல்லாம் அப்பா சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் இந்தச் சாக்கில் நல்லது வாயில் விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அடுக்களைத் தரையில் சுருண்டு கிடந்தாள். முழங்கால் வயிற்றை முட்டியிருந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்திருந்தாள்.  என் சந்தேகம் சரியாகிவிட்டது என்ற பெருமை ஒரு பக்கம். அம்மா எனக்குப் பதில் செத்துப்போகிறாளே என்ற பயம் மறுபக்கம். கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடி, போளியில் என்ன போட்டீர்கள் என்று கத்தினேன்.

அத்தை தலை நிமிரவில்லை. "உங்கம்மாக்கு கல்யாணமான நாள்லேர்ந்து இருக்கற வயித்துவலிடீ அது. மைசூர் தண்ணி ஒத்துக்கலையாம். ராமாபுரம் பஸ் ஏறினா மாத்திரம் மாயமா போயிடும். சும்னே நாடகம்."

யோசித்துப் பார்த்தேன். அத்தை சொன்னது உண்மைதான். ராமாபுரத்தில் அம்மா வேறு ஆளாக இருப்பாள். கிணற்றடியிலிருந்து இரண்டு குடம் சுமப்பாள். உருண்டை உருண்டையாகக் கேழ்வரகுக் களி தின்பாள். சத்தம் போட்டுச் சிரிப்பாள். மைசூருக்கு வந்து ஒரு வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ராமாபுரத்துத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து கொடுத்தும் பார்த்தாயிற்று, அதற்கும் வலி நிற்கவில்லை. அதன்பிறகு அது நாடகம் என்பது எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. புகுந்த வீட்டில் வேலைக்கு வளையாத மருமகளின் வயிற்றுவலி. அப்பா வெளிப்படையாகச் சொல்லமாட்டார், ஆனால் அத்தை சொல்லும்போது செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்.

நானும் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். அடுக்களைக்குப் போய், நடிக்காதே, எழுந்திரு என்றேன். அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அடுத்த நாள் ரவை இட்லிக்கும் முதல் கடி அவளுக்குத்தான். நாடகக்காரியாக இருந்தாலும் சாட்சி சாட்சிதானே.

பெங்களூரில் குழாய் விட்டார்கள். அதை விவரிக்க இன்றும் எனக்குத் தெம்பில்லை. முடிவு வந்த அன்று அத்தை என்னை எதிரில் உட்கார வைத்து, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னார். நான் சாகப்போவதில்லை என்றதும் தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடித்தபின், இனி தில்பசந்த் கிடையாது என்பது மண்டையில் ஏறியது. மறுபடி அழுதேன். இரண்டாவது அழுகைதான் பெரியது என்று அப்பா பிற்பாடு எல்லோரிடமும் சொல்வார்.

அதன்பிறகு எனக்குச் சோறும் கேழ்வரகும்தான். அப்பாவுக்கும் அத்தைக்கும் வழக்கம்போல ராத்திரிக்குச் சப்பாத்தி. அம்மா என்னோடு களி தின்றாள். ஒரு ஆளுக்கு மட்டும் களி கிண்டினால் அடி பிடிக்கும், பதம் வராது, இரண்டு பேருக்குக் கிண்டினால்தான் சரியாக வரும் என்றாள். காலையில் ரவை உப்புமாவுக்குப் பதில் என்னோடு பழைய சோறு. எனக்கு அது சமாதானமாக இருந்தது. துணைக்கு ஒரு ஆள் தண்டனை அனுபவிக்கிறதே என்ற சமாதானம்தான்.

ஆனால் ஒரு மாதம் போனதும் அம்மாவின் கன்னம் பளபளத்தது. இரண்டு மாதத்தில் வளையல்கள் முழங்கைக்கு ஏறாமல் மணிக்கட்டிலேயே நின்றன. ரவிக்கையின் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டாள். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினாள். அடுக்களையில் ஏதோ கன்னடப் பாட்டை முணுமுணுத்ததைக்கூட நான் கேட்டேன். களி தின்பவளுக்கு எங்கிருந்து வந்தது இந்தச் சதை? நானும்தான் களி தின்றேன். எனக்கும் கவுன் சிறிதாகிப்போயிருந்தது, ஆனால் நான் என்னைக் கண்ணாடியில் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை ஒன்றுதான். நான் பள்ளிக்குப் போனபிறகு அவள் திருடித் தின்கிறாள்.

துப்பறிய ஆரம்பித்தேன். கோதுமை மாவு டின்னில் விரலால் கோலமிட்டு மூடிவைத்தேன். பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவின் கையை முகர்ந்தேன். உறங்குகிறவளின் வாயை முகர்ந்தேன். பூண்டு வாசனை வந்தது. தலையணைக்கடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், பூஜை அலமாரியில் எல்லாம் தேடினேன். ஒரு துணுக்கும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே பெரிய சாட்சியாக எனக்குப் பட்டது. அத்தனை சாமர்த்தியமாக ஒளிக்கிறாள் என்றுதானே அர்த்தம்.

தசரா விடுமுறையில் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. அம்மா காபி கொண்டுவந்தபோது அத்தை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னமோ, உனக்கு மைசூர் தண்ணி இப்பத்தான் ஒத்துக்கிச்சு போல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"தண்ணி இல்ல. நான் இல்லாதப்போ அம்மா சப்பாத்தியும் பன்னும் திருடித் திங்கறா!"

 அப்பா என்னை அதட்ட வாயெடுத்தார். அம்மா தம்ளர்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தாள். பிறகு என் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"ஆமாங்கண்ணு. திருடித்தான் திங்கறேன். கண்டுபிடிச்சுப்போட்டயே."

சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. புகுந்த வீட்டில் திருடித் தின்று கொழுத்த மருமகளின் கதை அந்தத் தசரா முழுக்க எங்கள் சொந்தத்தில் சுற்றியது. நான் வெற்றிபெற்றவளாக நடந்தேன். அதற்குப் பிறகு மாவு டின்னை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. குற்றவாளி ஒப்புக்கொண்டபின் விசாரணை எதற்கு?

எனக்கு முப்பத்தைந்து வயதானபோது ஒரு டாக்டர் என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, இது ரத்தத்தில் வருவது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அம்மாவின் வயிற்றுவலி ஞாபகம் வந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த பஸ்களையெல்லாம் போகவிட்டேன். சிரோட்டித் தட்டை நகர்த்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்ட அம்மாவின் கைதான் நினைவில் நின்றது. என்மேல் எனக்கு அத்தனை வெறுப்பு வந்தது.

அப்பா ஓய்வுபெற்று மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் கட்டிய வீட்டில், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உனக்கும் இதே நோய்தான் இருந்திருக்கிறது, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். என்னோடு களி தின்ற முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது என்றாள், ஏதோ காய்கறி விலை சொல்வதுபோல. கோதுமையை விட்டேன், வலி விட்டது, அவ்வளவுதான். அப்படியானால் அன்று அத்தனை பேர் முன்னால் திருடித் தின்கிறேன் என்று ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன். அம்மா ஒரு போர்வையின் நுனியை என் கையில் கொடுத்தாள். இருவரும் உதறி மடித்தோம்.

"பின்ன என்ன சொல்றது? வலி போயிருச்சுன்னு சொன்னா, பத்து வருசமா நெசமாவே இருந்துச்சுன்னு ஆயிருமல்ல? அப்புறம் உங்கப்பா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு?"

அந்தத் தசராவில் இதெல்லாம் எனக்குப் புரியவில்லை. புரியாததற்கு எனக்கு ஒன்பது வயது என்ற சாக்காவது இருக்கிறது. அந்தக் கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் எல்லோரும் பெரியவர்கள்.