சுருள் எழுத்தில் ஒரு போர்டு

போர்டு கடையில் வேலை பார்த்த அவரை எல்லோரும் சுருள் என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமுடியைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. தலை சுத்த வழுக்கை. அவர் கணினியில் தானே வரைந்து சேர்த்த எழுத்துருவால் வந்த பெயர். பழைய சோப்பு டப்பாக்களில் இருக்குமே, அந்த ஜாதி எழுத்து. ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்னக் குதிகால், தடித்தும் மெலிந்தும் ஓடுகிற கோடு, முடிகிற இடத்தில் கொடி மாதிரி ஒரு சுருள், போதாததற்கு நிழல் வேறு. 'க'வுக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்தார்.

மனிதருக்கு ஒரே ஒரு ஆசை. மனைவியின் தையல் கடை போர்டு அந்த எழுத்தில் இருக்க வேண்டும். அந்த அம்மாளோ கடை திறந்த அன்றே கையை விரித்துவிட்டாள்.

"படிக்கவே முடியல. எனக்குத் தைக்கக் குடுக்கறவங்க வேணும், கழுத்து வலிக்காரங்க வேண்டாம்."

சொன்னதோடு விட்டாளா? போட்டி போர்டு கடைக்குப் போய் மொட்டை எழுத்தில் போர்டு எழுதி வாங்கி மாட்டினாள். பதினோரு வருஷமாக அவர் அந்த வாசலைத் தலையைக் குனிந்துகொண்டே கடந்தார். அவமானம்தான், வேறென்ன.

தையல் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒரு நாள், வாசலை மறித்து நிற்பவர்களுக்காக 'இங்கே நிற்காதீர்கள்' என்று ஒரு போர்டு கேட்டார். முதலாளி ஊரில் இல்லை. சுருளுக்குக் கை சும்மா இருக்குமா? குதிகால், கொடி, நிழல் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

காலையில் மாட்டினார்கள். மதியத்துக்குள் ஒன்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். ஒருவர் படம் எடுத்தார். இன்னொருவர் வீட்டுக்குப் போய் மாமனாரைக் கூட்டிவந்து காட்டினார். உள்ளே வர வழியில்லாமல் இருமல்காரர்கள் தெருவில் இருமினார்கள்.

"நிக்காதீங்கன்னு போட்டா ஊரே வந்து நிக்குது. எடுத்துட்டுப் போங்க இத," என்று மருந்துக்கடைக்காரர் போர்டைக் கழற்றிக் கொண்டுவந்து சுருளின் மேஜையில் போட்டார். திரும்பி வந்த முதலாளி, "இன்னொரு சுருளப் பார்த்தேன், உங்க சீட்டு கிழிஞ்சிடும்" என்றார்.

சாயங்காலம் போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தையல் கடை வாசலில் மனைவி வழிமறித்தாள். பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"குடுங்க அத."

தன் கதவோரம் ஆணியடித்து மாட்டினாள். மறுநாள் அங்கே ஆறு பேர் நின்றார்கள். "ஏன் வெயில்ல நிக்கறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். நான்கு பேர் அளவு கொடுத்தார்கள்.

அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "மேல இருக்கற பெரிய போர்டையும் மாத்திடுங்க. எத்தனை நாளாகும்?"

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அது... எப்பவோ எழுதி வச்சாச்சு. பெட்ஷீட்ல சுத்தி..."

"தெரியும். கட்டிலுக்கு அடியில பெருக்கறது யாரு, நீங்களா?"