ஏழாம் மாசத் தட்டும் மட்டாஞ்சேரி லட்டும்

மிட்டாய்க்கடைக்காரனுக்கு எதிரி ஈ என்பார்கள்; இல்லை, டாக்டர்தான். கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் என் கடை. எதிரிலேயே பிரசவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்.

எதிர்வரிசைச் சண்டை

கர்ப்பிணிகள் கிளினிக்கை விட்டு இறங்கினால் நேரே என் கடைதான். "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடணுமே" என்று அரை கிலோ அல்வா வாங்குவார்கள். எனக்கு நல்ல வியாபாரம், பொய் சொல்வானேன்.

ஒரு நாள் டாக்டரம்மாவே கடைக்கு வந்துவிட்டார். தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வயிற்றுப் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிரசவத்தில் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். பிறகு தனக்குக் கால் கிலோ ஜாங்கிரி கட்டச் சொன்னார். "சேட்டா, உங்க கைப்பக்குவம் கொஞ்சம் குறைஞ்சா என் வேலையும் குறையும்."

சபியாவின் ஆர்டர்

சபியா எங்கள் தெரு ராவுத்தர் வீட்டு மருமகள். முதல் பிள்ளை பெருத்துப் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. இந்தத் தடவையும் சர்க்கரை, தினமும் ஊசி. ஏழாம் மாசம் பெண்வீட்டுப் பலகாரத் தட்டுகள் வரும், வந்த பெண்களெல்லாம் ஆளுக்கொரு வாய் அவளுக்கு ஊட்டுவார்கள். பாலக்காட்டில் இருந்த அம்மாவின் சார்பில் அவளே அந்தத் தட்டுகளுக்கு ஆர்டர் கொடுக்க வந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "உனக்கு மட்டும் சர்க்கரை போடாம பொட்டுக்கடலை உருண்டை பிடிச்சுத் தரேன் தாயி, பார்த்தா லட்டு மாதிரியே இருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். "ஒரு நாளைக்கு ஏமாத்திரலாம் அண்ணாச்சி. மீதி நாளெல்லாம் வீட்டுக்கு வர்றவங்க பலகாரத்தோடதானே வருவாங்க? வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகணும்."

மாமியார் வாய்

தட்டுகளை நானே கொண்டுபோய் இறக்கினேன். முதல் லட்டு நீண்டதுமே சபியா, "எனக்கு இனிப்பு ஆகாது, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். கூடத்தில் முணுமுணுப்பு. நல்ல நாளில் ஊட்டினதை மறுக்கலாமா என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

மாமியார் ஜொகரா மாமி எழுந்தார். படகுத்துறை வரை கேட்கும் குரல் அவருக்கு. தொலைந்தது என்று நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவரோ மருமகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அவளுக்கு ஊட்ட வேண்டியதையெல்லாம் என் வாயில போடுங்கடி, நான் புள்ள பெத்து முடிச்சவ."

அத்தனை தட்டிலிருந்தும் ஆளுக்கொரு வாய் மாமிக்கு ஊட்டினார்கள். அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

சின்னப் பிள்ளை

பெண் குழந்தை, சுகப்பிரசவம். நாற்பதாம் நாளுக்குப் பலகாரம் கொண்டுபோனபோது, குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெரியம்மா உதட்டைப் பிதுக்கினார்: வாயைக் கட்டினதில் பிள்ளை இளைத்துவிட்டதாம், முதல் பிள்ளை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்ததாம்.

சபியா கோபப்படவில்லை. குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அது அழவே இல்லையே பெரியம்மா. இவ அழுதா."

இத்தனை வருஷம் விற்ற இனிப்பைவிட, அந்தப் பெண் வேண்டாமென்று சொன்ன இனிப்பைப் பற்றித்தான் நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன்.